வாலிபர் நெஞ்சும் பாலியல் அறிவும்

திருச்சிராப்பள்ளியினின்று தஞ்சைக்குச் செல்லும் பெருவழியில், திருவெறும்பூரைக் கடந்தபின் வருவது துவாக்குடி. 1964ஆம் ஆண்டில் அங்கே வட்டாரப் பொறியியற் கல்லூரி நிறுவப்பெற்றது. 2003இல் அது தேசிய தொழில்நுட்பக் கழகமாயிற்று. அணித்தே கொதிகலன் செய்யும் பாரத மிகுமின் நிறுவனமும், அதனைச் சார்ந்து வாழும் சிறு பட்டறைகள் நிறைந்த தொழிற்பேட்டையும் உள. ஆகவே, பதினேழு பதினெட்டு வயதிற் பெற்றோரைப் பிரிந்து, விடுதியறையிலோ வாடகை அறையிலோ தனித்து வாழத் தொடங்கும் வாலிபரும் யுவதியரும் ஆண்டுதோறும் திரள் திரளாய் வந்திறங்கும் ஊர் அது.

அவர்கள் கொண்டுவரும் பெட்டியில் சமயபுரத்து அம்மன் படமொன்று இருக்கும். அல்லது வேளாங்கண்ணியில் வாங்கிய செபமாலை இருக்கும். அல்லது தொழுகை விரிப்பு இருக்கும். தாய்மார் கண்ணீரோடு வைத்தனுப்பியவை அவை. அவற்றை நாம் இகழோம். ஆயின் அப்பெட்டியில் வாராத பொருள் ஒன்றுண்டு. தன் உடல் எவ்வாறு இயங்குகின்றது, பிறர்பால் எழும் விருப்பத்தை எங்ஙனம் அறிந்து ஆள்வது, எவ்விடத்தில் ‘வேண்டா’ என்று சொல்வது, பிறர் ‘வேண்டா’ என்றவிடத்து எவ்வாறு நின்றுவிடுவது என்னும் அறிவே அது. அவ்வழியிலிருந்து பஸ் ஏறி நம் கலாசாலைக்கு வருவோரும் பலராதலின், இஃது அயலூர் விஷயமன்று.

இதனைப் பிரஸ்தாபித்தவுடன் ஒரு சாரார், பக்தியுள்ள பிள்ளைக்கு இவ்வறிவு வேண்டுவதில்லை, வேண்டும்போது தானே வரும் என்பர். மற்றொரு சாரார், இந்நாட்டின் சங்கோசமெல்லாம் மதத்தால் வந்தது, மதத்தை ஒதுக்கி விஞ்ஞானத்தைக் கற்பித்தால் யாவும் தெளியும் என்பர். இவ்விரு திறத்தாரும் ஒன்றை மறந்தனர். இன்று நம் வாலிபரின் பாலியல் மனப்பான்மையை உருவாக்குவது பெரும்பாலும் சமயமுமன்று, விஞ்ஞானமுமன்று. சமயத்தின் பெயரைச் சொல்லிக் காக்கப்படும் மௌனம். அம்மௌனத்தைச் சமயநெறி நிற்கும் கலாசாலைகளே முன்வந்து கலைக்க வேண்டும் என்பதே நாம் இங்குக் கூறப்புகுந்தது.

மௌனமும் ஒருவகைப் போதனை என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டா. நம் நாட்டில் ஒரு சிறுமி பூப்பெய்தினால் மஞ்சள் நீராட்டு நடைபெறுகின்றது. தாய்மாமன் சீர் வருகின்றது, ஒலிபெருக்கி முழங்குகின்றது, இந்நாளில் அவள் உருவம் பொறித்த பெரும் பதாகையும் தெருமுனையிற் கட்டப்படுகின்றது. அவள் பூப்பெய்திய செய்தி ஊரார் அனைவர்க்கும் தெரியும். ஆனால் அவ்வுதிரம் ஏன் வந்தது, மாதந்தோறும் ஏன் வரும், அதுமுதல் அவள் உடலில் நிகழக்கூடியது யாது என்பதைப் பல வீடுகளில் அவளுக்கு மட்டும் ஒருவரும் எடுத்துரைப்பதில்லை. தீட்டென்று மூலையில் உட்காரவைத்ததே அவள் பெற்ற முதற்பாடம். ஊரறியப் பறைசாற்றலாம், வகுப்பறையில் விளக்கலாகாது என்னும் இந்நாணத்தின் இலக்கணம் நமக்கு விளங்கவில்லை.

ஆண்பிள்ளைக்கோ விழாவுமில்லை, விளக்கமுமில்லை. அவனுக்கு ஆசான்களாய் வாய்ப்பவர் இருவர். ஒருவர் கைப்பேசியுள் உறைபவர். அவரைப்பற்றிப் பின்னர்ச் சொல்வோம். மற்றவர் பஸ் நிலையச் சுவரில் ஒட்டியிருப்பவர். இளமையிற் செய்த தவற்றால் நரம்பு தளர்ந்தோர்க்கு இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியர் வந்து தங்குவார் என அழைக்கும் அச்சுவரொட்டிகளைத் தமிழ்நாட்டிற் பஸ் ஏறிய எவரும் கண்டிருப்பர். உறக்கத்தில் தானே கழியும் சுக்கிலத்தைத் தன் உயிரே ஒழுகிப்போவதாக எண்ணி நடுங்கி, வீட்டிலிருந்து வந்த பணத்தை அந்த லாட்ஜிற் கொடுத்துவிட்டு, லேகியப் புட்டியோடு திரும்பும் மாணாக்கன் கற்பனைப் பாத்திரம் அல்லன்.

நரேந்திரநாத் விக் என்னும் மனநோய் மருத்துவர் 1960ஆம் ஆண்டிலேயே இவ்வச்சத்தைத் ‘தாது நோய்க்குறி’ எனப் பொருள்படும் பெயரிட்டு வைத்திய உலகிற்கு அறிவித்தார். உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்தாம் நோய்ப்பட்டியலிலும் அது குறிக்கப்பெற்றது. சோர்வு, தூக்கமின்மை, நெஞ்சு படபடப்பு, ஓயாத குற்றவுணர்ச்சி என்பன அதன் அடையாளங்கள். உடலைச் சோதித்தால் பெரும்பாலும் ஒரு குறையும் இராது. நோய் நம்பிக்கையில் இருக்கின்றது. இரத்தம் பல துளி திரண்டு சுக்கிலம் ஒரு துளியாகும் என்னும் பழைய எண்ணமும், எழுவகைத் தாதுக்களுள் அதுவே இறுதியானது என்னும் ஆயுர்வேதக் கொள்கையும், பிரமசரியத்தைப் புகழ்ந்த உபதேசங்களும் ஒன்றாய்க் கலந்து சிறுவர் காதில் விழுந்ததன் பயன் அது. பிரமசரியம் என்பது அறிந்தோர் தாமே விரும்பி மேற்கொள்ளும் விரதம். அதனை அறியாச் சிறுவனுக்கு அச்சமாக ஊட்டின் வியாதியே விளையும். இது நம் நாட்டின் குற்றம் மட்டுமென்று கருதற்க. 1760இல் திஸ்ஸோ என்னும் சுவிட்சர்லாந்து வைத்தியர் எழுதிய நூலொன்று இதே பயத்தை ஐரோப்பா முழுவதும் பரப்பிற்று. அங்கும் குருமாரும் உபாத்தியாயரும் அதனை வேதவாக்காகக் கொண்டனர்.

இனி, சமயங்கள் உடலைப்பற்றி வாய் திறவாதவை என்று கருதுவதும் பெரும்பிழை. திருவரங்கத்தைப் பாருங்கள். அரங்கனையே மணாளனாக வரித்த ஆண்டாளின் திருப்பாவை மார்கழி விடியலில் ஊரெங்கும் ஒலிக்கின்றது. அதன் 30 பாசுரங்களையும் சிறுமியர் ஒப்பிக்கின்றனர். அவரே அருளிய நாச்சியார் திருமொழியில் 143 பாசுரங்கள் உள. அவற்றுள் கனவிற் கண்ட திருமணத்தைப் பாடும் பகுதி மட்டும் கலியாண வீடுகளில் ஓதப்படும். எஞ்சியவற்றிற் பலவிடத்து, ஒரு பெண் தன் உடலின் வேட்கையைத் தன் வாயாலேயே மறைப்பின்றித் தன் கடவுளிடம் கூறுகின்றாள். அதுவும் திவ்வியப் பிரபந்தமே, கோயிலிற் சேவிக்கப்பெறுவதே. ஆயினும் அப்பாசுரங்களை ஒப்பிக்கக் கொடுக்கும் போட்டி நடந்ததாக நாம் கேட்டதில்லை.

மதரசாவில் ஓதும் இஸ்லாமியச் சிறுவன், பருவமெய்தியதன் அடையாளம் யாது, கனவில் விந்து வெளிப்பட்டால் குளிப்பு எவ்வாறு கடமையாகின்றது என்பனவற்றைச் சட்டப்பாடமாகவே கற்கின்றான். சிறுமியும் மாதவிடாய் நாளில் தொழுகை விலகும் முறையை அவ்வாறே கற்கின்றாள். கைகால் கழுவும் முறையைக் கற்பிக்கும் அதே குரலில் இவையும் கற்பிக்கப்படுகின்றன. இதனாற் பிள்ளைகள் கெட்டனர் என்று எந்தப் பெற்றோரும் முறையிட்டதில்லை.

நம் வேதாகமத்திலோ உன்னதப்பாட்டு என்றொரு புத்தகமே உண்டு. காதலனும் காதலியும் மாறிமாறிப் பாடுவது அது. சபையார் அதற்கு ஞானார்த்தம் கூறியே நூற்றாண்டுகளைக் கடத்தினர். 12ஆம் நூற்றாண்டில் பெர்னார்து முனிவர் அதன்மேல் 86 பிரசங்கங்கள் செய்தும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத் தாண்டினாரில்லை. அவ்வளவு அர்த்தம் அவருக்கு அதில் அகப்பட்டது! ஞானார்த்தம் பிழையென்று நாம் கூறவில்லை. எழுத்தின் பொருளும் அங்கேயே இருக்கின்றது. அதனை எழுதுவித்தவர் நாணவில்லை என்பதே நம் வாதம்.

இவற்றினும் நமக்கு அணுக்கமான கதை ஒன்றுண்டு. அது திருக்குறள் வெளிநாட்டார் கைப்பட்ட கதை. கொள்ளிடக் கரைப்பக்கத்து ஏலாக்குறிச்சியில் தொண்டுபுரிந்த வீரமாமுனிவர், 1730ஆம் ஆண்டளவில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனிற் பெயர்த்தார். காமத்துப்பாலின் 250 குறள்களையும் விட்டுவிட்டார். சேசுசபைத் துறவியாகிய அவருக்கு அப்பகுதி ஏலாதெனத் தோன்றியது போலும். ஒன்றரை நூற்றாண்டின்பின், முன்னர்த் தஞ்சையில் ஊழியஞ்செய்த ஜி.யு. போப், 1886இல் முப்பாலையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதன் தலைப்பைக் கண்டு தப்பெண்ணங் கொண்டு சில ஆண்டுகள் மூன்றாம் பாலை வாசியாதிருந்ததையும், வாசித்தபின் அவ்வெண்ணம் நீங்கியதையும் அவர் மறையாது எழுதினார். துவாக்குடி இருப்பது தஞ்சைக்கும் திருச்சிக்கும் இடையில். அதாவது, போப் ஐயர் இருந்த ஊருக்கும் வீரமாமுனிவர் திரிந்த நாட்டுக்கும் நடுவில். நம் மனமும் இன்றுவரை அவ்விருவர்க்கும் நடுவிலேதான் நிற்கின்றது.

இது வெறும் சொல்லலங்காரம் அன்று. 2016இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை குறளைக் கற்பிக்க ஆணையிட்டபோது குறித்தவை அறத்துப்பால், பொருட்பால் என்னும் இரண்டின் 108 அதிகாரங்களே. வீரமாமுனிவர் 1730இல் நாட்டிய எல்லைக்கல் பெயர்க்கப்படவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இது பொருந்தலாம். பதினேழு வயதினர்க்கும் பொருந்துமா? தமிழிலக்கியம் எடுத்துப் படிப்போர் கலாசாலையில் மூன்றாம் பாலைக் காண்பர். பொறியியலும் வணிகவியலும் படிப்போர் வாழ்நாள் முழுவதும் காணார். அப்பகுதியில் உடற்கூற்று அறிவு இல்லையென்பது மெய்யே. ஆயினும் பெண்ணுக்கு விருப்பமும் உண்டு, வெறுப்பும் உண்டு, ஊடி நிற்கும் உரிமையும் உண்டு என்பது அதில் வரிக்கு வரி தெரிகின்றது. அவளைத் துரத்தித் துரத்தி இசையச்செய்வதே காதல் என்று திரைப்படத்திற் கற்ற வாலிபனுக்கு இதனினும் வேண்டிய பாடம் யாது?

நம் சபைகளின் நிலையையும் நேர்மையாக நோக்க வேண்டும். 1929இல் பதினோராம் பயஸ் பாப்பரசர், கிறிஸ்தவக் கல்வியைப்பற்றி எழுதிய நிருபத்தில், வெறும் அறிவே வாலிபரைக் காக்கும் என நம்பிச் செய்யப்படும் பாலியற்போதனையைக் கடிந்தார். அக்கடிதலில் ஓர் உண்மை உண்டு. தெரிந்திருந்தும் தவறுவோர் உலகிற் பலர். அறிவு ஒன்றே மனத்தை ஆளாது. ஆயின் அந்நிருபத்தை அறியாமைக்கு அரணாக வைத்துக்கொண்ட நிர்வாகிகள் பின்வந்தவற்றை வாசிக்க மறந்தனர். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வயதிற்கேற்ற, விவேகமுள்ள பாலியல் கல்வி இளைஞர்க்கு அளிக்கப்பட வேண்டுமென்று கல்வி பற்றிய அறிக்கையிலேயே எழுதிற்று. 2016இல் பிரான்சிஸ் பாப்பரசர் குடும்ப அன்பைப்பற்றிய தம் ஏட்டின் ஏழாம் அதிகாரத்தில் இதற்கென ஒரு பகுதியே ஒதுக்கி, நம் கல்வி நிலையங்கள் இவ்வறைகூவலை ஏற்றனவா என்று வினவினார். தற்காப்பு ஒன்றையே பேசுவதால் பிறக்கக்கூடிய குழந்தையைப் பகைவராகக் காணும் மனம் வளரும் என்றும் அவர் எச்சரித்தார். அவ்வினா நம்மைப் போன்ற கலாசாலைகளை நோக்கியது. விடை எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

சமயப்பற்று வாலிபரின் நடத்தையை மாற்றுமா என்பது ஆராயப்பட்ட விஷயம். அமெரிக்க நாட்டில் 1993 முதல், மணத்துக்குமுன் உடலுறவு கொள்வதில்லை எனப் பையன்களும் பெண்களும் பகிரங்கமாகப் பிரதிக்கினை செய்யும் இயக்கமொன்று பரவிற்று. அவர்களைப் பற்றி பியர்மன், புருக்னர் என்னும் இரு சமூகவியலார் 2001இல் வெளியிட்ட ஆய்வு நடுநிலை உடையது. பிரதிக்கினை செய்தோர் செய்யாதாரினும் கணிசமான காலம் தாழ்த்தனர் என அவர்கள் கண்டனர். இதனைச் சமயத்தை நகையாடுவோர் மறைக்கலாகாது. அதே ஆய்வில், பிரதிக்கினை உடைந்த நாளில் அவர்களே கருத்தடைச் சாதனமின்றி உறவுகொண்டோராய் மிகுந்திருந்தனர் என்றும் வெளிப்பட்டது. தவறேன் என்று சபதஞ்செய்தவன் தவறும் நாளுக்கென்று ஆயத்தம் செய்வதில்லையன்றோ? 2005இல் அவர்களே செய்த மறு ஆய்வில், பால்வினை நோய் இருசாராரிடத்தும் ஏறக்குறைய ஒத்திருந்தது. 2007இல் அந்நாட்டுக் காங்கிரஸ் செய்வித்த வேறோர் ஆய்வு, விலகியிருத்தலை மட்டும் போதித்த வகுப்புகள் மாணாக்கர் நடத்தையில் மாற்றம் ஏதும் விளைத்தில எனக் கண்டது. முறையான பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் உறவை முற்பட நாடுவதில்லை என்பதை யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி நூல், பல நாட்டுச் சான்றுகளைத் திரட்டிக் காட்டுகின்றது. சொன்னாற் கெடுவர் என்னும் பயத்திற்கு ஆதாரம் இல்லை.

நம் நாட்டில் நடந்ததென்ன? 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமோனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். அதன்பின்னரே அரசாங்கம் வாய் திறந்தது. 1994இல் தமிழ்நாட்டில் எயிட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. கலாசாலைகளிற் செஞ்சுருள் சங்கங்கள் தோன்றின. அவை செய்த நன்மை பெரிது. எனினும், பிரசங்க மேடை இவ்விஷயத்தைப் பாவமென்று மட்டும் சொல்ல, அரசாங்கம் நோயென்று மட்டும் சொல்லிற்று. பாவத்திற்கும் நோய்க்கும் இடையே அன்பு என்று ஒன்றிருப்பதை வாலிபனுக்குச் சொல்வார் இலராயினர். நோயைப்பற்றிய அறிவேனும் நிறைந்ததா? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவுடையோர் இந்நாட்டுப் பெண்களில் 100க்கு 22 பேர், ஆண்களில் 31 பேர் அளவினரே.

2005இல் மத்திய அரசாங்கம் பள்ளிகளுக்கென வளரிளம்பருவக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் முதலிய மாகாணங்கள் நம் பண்பாட்டுக்கு மாறானது என்று அதனை விலக்கின. 2009இல் ராஜ்யசபையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளிற் பாலியல் கல்வி கூடாதென்றே அறிக்கை தந்தது. அதே 2007இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சு வெளியிட்ட ஆய்வில், 13 மாகாணங்களில் விசாரிக்கப்பட்ட 12,447 சிறுவர் சிறுமியரில் 100க்கு 53க்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் இம்சைக்கு ஆளானதாகக் கூறினர். பண்பாட்டைக் காக்கப் புறப்பட்டோர் இவ்வெண்ணை எங்கே வைத்துக் கூட்டினரோ அறியோம். தொட்டவன் செய்தது குற்றமென்று தெரிந்தாலன்றோ பிள்ளை வந்து சொல்லும்? சொல்லும் சொல்லேனும் அதனிடம் இருக்க வேண்டாவா?

வளர்ந்தோர் பேசினால் நேர்வது யாதென்பதையும் தமிழ்நாடு கண்டது. 2005 செப்டம்பரில் ‘இந்தியா டுடே’ தமிழ்ப் பதிப்பில் நடிகை குஷ்பு, மணத்துக்குமுன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பத்திற்கும் நோய்க்கும் எதிராகக் காப்புத் தேடிக்கொள்ள வேண்டும் என்றும், படித்த ஆடவன் தன் மனைவி கன்னியாயிருக்க வேண்டுமென எதிர்பார்க்கலாகாது என்றும் தம் அபிப்பிராயத்தைக் கூறினார். செருப்பும் துடைப்பமும் ஏந்திய ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. பல ஊர்க் கோர்ட்டுகளில் 23 குற்றப் புகார்கள் குவிந்தன. ஐந்தாண்டு அலைக்கழிவுக்குப்பின், 2010 ஏப்ரல் 28இல் சுப்ரீம் கோர்ட்டு அவை அனைத்தையும் தள்ளிற்று. அவர் கூறியதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. கிறிஸ்தவ நெறி மணத்துக்குமுன் உறவை ஒப்பாது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவ்வமளி முழுவதும் பெண்ணின் கற்பைப்பற்றியே நடந்தது. ஆடவனின் கற்பைப்பற்றி எந்தக் கோர்ட்டிலும் எவரும் புகார் கொடுக்கவில்லை. விபசாரத்திற் பிடிபட்டாள் என்று ஒரு பெண்ணைக் கல்லெறியக் கொண்டுவந்த கூட்டத்தைச் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அவளோடிருந்த ஆடவனை அக்கூட்டம் கொண்டுவரவில்லை. நம் ஆண்டவர் தரையில் எழுதிக்கொண்டிருந்தது யாதென்று வேதம் கூறவில்லை; முதலிற் போனவர் முதியோர் என்று மட்டும் கூறுகின்றது.

கைப்பேசியுள் உறையும் ஆசானைப்பற்றிச் சொல்வதாகக் கூறினோம். அவனுக்குக் கட்டணமில்லை, நாணமில்லை, கால நியமமில்லை. அவன் காட்டும் படங்களில் எவரும் எவரையும் இசைவு கேட்பதில்லை; வலிக்கிறதா என்று வினவுவதில்லை; மறுநாள் என்பதே அங்கில்லை. வீடும் பள்ளியும் கோயிலும் விட்ட இடத்தை அவன் நிரப்பினான். சிறாரை வைத்தெடுத்த ஆபாசப் படங்களைப்பற்றிய வழக்கொன்று சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேன்முறையீடாகச் சென்றபோது, 2024 செப்டம்பர் 23இல் சுப்ரீம் கோர்ட்டு அத்தகைய படத்தை வைத்திருத்தலும் குற்றமாமென்று தீர்ப்பளித்தது. அத்துடன் நில்லாது, பாலியல் கல்வி மேனாட்டுச் சரக்கு என்பதும் அது பிள்ளைகளைக் கெடுக்கும் என்பதும் தப்பெண்ணங்கள் என எடுத்துக்காட்டி, விரிவான கல்வித் திட்டம் வகுக்குமாறும் யோசனை கூறிற்று. தண்டிக்கக் கடமைப்பட்டவர்களே கற்பியுங்கள் என்று சொல்லும்போது, கற்பிக்கக் கடமைப்பட்ட நாம் வாளாவிருப்பது அழகன்று.

கற்கத் துணிந்த நீதிபதி ஒருவரையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 2021இல் ஒன்றாக வாழ விரும்பிய இரு பெண்களின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அத்தகைய அன்பைத் தாம் விளங்கிக்கொள்ளவில்லை என்பதை மறையாத அவர், தீர்ப்பெழுதுமுன் மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் மாணாக்கராய் அமர்ந்து கேட்டறிந்தார்; அதனைத் தம் ஆணையிலேயே பதிவுசெய்தார். உயர்ந்த ஆசனத்திலிருப்பவர் அவ்வாறு இறங்கி வந்து கற்கக்கூடுமாயின், நம் விடுதிக் கண்காணிப்பாளரும் பேராசிரியரும் இரண்டு நாள் ஒதுக்கலாகாதா? இவ்வினத்தைச் சேர்ந்த மாணாக்கர் நம் வகுப்புகளிலும் இருப்பர். அவர்களைப்பற்றிய சபைக் கொள்கையில் நம்முள் கருத்து வேற்றுமை இருக்கலாம். விடுதியில் அவர்கள் அடிபடாமல் இருப்பதில் வேற்றுமை இருத்தலாகாது.

செய்ய வேண்டுவது பெரிதன்று. முதலாண்டு மாணாக்கர் அனைவர்க்கும் வாரம் ஒருமணிநேரம், முதற்பருவம் முழுவதும் இப்பாடம் நடைபெற வேண்டும். ஆண்டுக்கொருநாள் ஒருவரை அழைத்து மாலையிட்டுப் பேசச்செய்து அனுப்புவது பயனற்றது. பாடத்தை டாக்டர் ஒருவரும், மனோதத்துவ ஆசிரியர் ஒருவரும், கலாசாலைக் குருவானவரும் கூடி நடத்துக. குருவானவர் அங்கே வந்திருப்பது இன்றியமையாதது. அவர் வாராதொழிந்தால் இது கடவுளுக்குத் தெரியாமற் செய்யும் காரியமென்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வர். நம் மாணாக்கருள் இந்துக்களும் முஸ்லிம்களும் மிகுதியாதலின், அவரவர் சமயம் கூறுவதை அவரவர் எழுந்து கூறவும் இடமளிக்க வேண்டும். உடற்கூறு பற்றிய பாடம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே நடக்கலாம். இசைவு பற்றிய பாடம் மட்டும் இருபாலாரும் ஓரிடத்திருந்து கேட்க வேண்டியது. பெற்றோர்க்கு முன்னதாகவே கடிதம் போக வேண்டும். கேள்விகளைப் பெயரின்றிச் சீட்டில் எழுதிப் போட ஒரு பெட்டி வைக்க வேண்டும்.

தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுக. இதில் ஒரு தொல்லை உண்டு. மறைவுறுப்புகளைக் குறிக்க நம்மிடம் வசைமொழியாய்த் திரியும் சொற்கள் உண்டு. வைத்திய நூலில் உறங்கும் வடசொற்களும் உண்டு. துவாக்குடியிலிருந்து வரும் ஒரு பையனோ பெண்ணோ டாக்டர் முன் நின்று, கூசாமல், பிழையின்றிச் சொல்லத்தக்க சொல் இவ்விரண்டிற்கும் நடுவில் அரிது. தமிழ்த்துறையார் இவ்வாண்டிற் செய்யத்தக்க பணி அது.

காலம் குறித்து ஒன்று. இவ்வகுப்பு பரீட்சைக்குப்பின் ஓய்வாக வைத்துக்கொள்ளத்தக்கதன்று. விடுதி திறந்த முதல்வாரத்திலேயே, இரவில் விளக்கணைத்தபின், மேல்வகுப்பு மாணாக்கர் புதியவர்க்குத் தம் பாடத்தைத் தொடங்கிவிடுகின்றனர். நம் வகுப்பு அதற்கு முன்னால் நடந்தாக வேண்டும்.